கரண்ட் போனால் நிற்கும் தறி

பொண்ணு என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பஞ்சாட்சரத்துக்கு அன்றைக்குப் பொழுது போய்விடும். முதலில் பொருளாதாரம் என்பார். கேட்டவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை என்றால், "கூடவே சட்டமும். ரெண்டும் சேர்த்து அஞ்சு வருஷம்" என்பார். அப்போதும் அசையாத ஆளிடம், "நாளைக்கு உனக்கு ஒரு கேஸுன்னா எம்பொண்ணுகிட்டத்தான் வரணும், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அந்தக் கேஸ் தன் வீட்டு வாசலுக்கே வரும் என்று பாவம் அவர் எங்கே கண்டார்?

கீர்த்திக்கு இது நாலாம் வருஷம். கல்லூரி சென்னைக்குப் போகிற வழியில், தங்கல் விடுதியில். காலையில் பொருளாதாரம், மதியம் சட்டம். காலையில் வருகிற ஆசிரியர், மனுஷன் ஏன் திருடுகிறான், திருடினால் அவனுக்கு என்ன மிச்சம் என்று கோடு கோடாகப் போட்டுக் காட்டுவார். மதியம் வருகிறவர், அந்தக் கதையெல்லாம் இருக்கட்டும், அது திருட்டா இல்லையா, அதை முதலில் சொல் என்பார். ஆரம்பத்தில் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள்தான். மூன்றாம் வருஷத்தில் ஒரு நாள், இரண்டும் ஒரே கத்தரிக்கோலின் இரண்டு அலகு என்று புரிந்தது. கத்தரிக்கோல் கையில் வந்துவிட்டால் வெட்டிப் பார்க்கத் துணி வேண்டுமே! சொந்த ஊரையே எடுத்துக்கொண்டாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்த பிள்ளைக்கு விஷயம் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. இன்ன இன்ன பட்டுச் சேலையைக் கைத்தறியில்தான் நெய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. மெஷினில் நெய்தால் மளமளவென்று இறங்கும் என்று ஆசை இருக்கிறது. ஆகவே ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு மெஷினில் நெய்து, கைத்தறி என்று சீட்டு ஒட்டி விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அவளுடைய கட்டுரை.

மெஷின் சத்தம் எது, கைத்தறிச் சத்தம் எது என்று நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் 'எனக்குத் தெரியும்' என்று கோர்ட்டில் போய்ச் சொன்னால் செல்லுமா? யார் காதுக்கும் தெரிகிற மாதிரி ஒரு சோதனை வேண்டும். அவளுக்குத் தோன்றிய சோதனை குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்கள் அல்லவா, அன்றைக்குப் போய்த் தெருவில் நிற்க வேண்டும். கரண்ட் போனதும் சத்தம் நின்றால் மெஷின். நிற்காமல் ஓடினால் கைத்தறி. வெளியே நின்று ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். உள்ளே மட்டும் போகக் கூடாது, போனால் உஷாராகிவிடுவார்கள். இதையெல்லாம் விதியாகவே எழுதினாள்.

சட்டப் பக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போனாள். கைத்தறி என்றால் விசைத்தறி அல்லாத தறி. அவ்வளவுதான் சட்டம் சொல்லுகிறது. அப்படியானால் தறியின் ஏதோ ஒரு பாகம் மின்சாரத்தால் அசைந்தாலும் அது விசைத்தறியே என்று அடித்து எழுதினாள். அப்படி எழுதினால்தான் சோதனை ஓட்டையில்லாமல் நிற்கும். ஆசிரியர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு 'அருமை' என்று எழுதினார்.

தை மாதத்து ஷட்டவுன் அன்று அவளே நடந்து நடந்து கேட்டாள். பல தெருக்கள் நிற்காமல் ஓடின. ஊருக்கு வெளியே சில சின்னக் கொட்டகைகள் கப்பென்று அடங்கின. அடுத்த தெருவில், சின்ன வயதிலிருந்து பழகின வடிவு அக்காவின் வீடும் அடங்கியது. வடிவு அக்காவுமா மெஷின் போட்டுவிட்டாள் என்று கீர்த்திக்கு மனசு கஷ்டப்பட்டது. உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விதி என்று ஒன்று எழுதி வைத்திருந்தாளே, போகவில்லை.

கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் யார் என்றால் காஞ்சிபுரத்துக் கோதண்டபாணி. பட்டுக் கடை, நெசவாளர் சங்கத்துப் பதவி, கோயில் உற்சவத்தில் முதல் மாலை, எல்லாம் உள்ள மனிதர். குரல் மட்டும் எப்போதும் பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெல்லியதாக வரும். பொன்னாடை போர்த்திவிட்டு அவர் கேட்டார்: "கரண்ட் போனா நின்னா மெஷின். நிக்கலன்னா கைத்தறி. அப்படித்தானேம்மா?"

"ஆமா சார்" என்றாள் கீர்த்தி.

"ரொம்ப சரி" என்று சொல்லி ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து செய்திகள் வந்தன. அந்தச் சின்னக் கொட்டகைகளுக்கு ஒவ்வொன்றாகச் சீல் வைத்தார்கள். நம் படிப்பு வேலை செய்கிறதே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வடிவு அக்கா வீட்டுக்கும் சீல் என்று கேள்விப்பட்டபோது மட்டும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஆனி மாதம் லீவுக்கு ஊர் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வடிவு அக்காதான். சின்ன வயதில் தலை வாரிப் பூ வைத்துவிட்ட கை அது. இப்போது அந்தக் கையில் ஒரு ஹோட்டல் பாத்திரக் கூடை இருந்தது.

"அக்கா, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வடிவு அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். "படிப்பு நல்லா ஏறியிருக்குது உனக்கு. நல்லா இரும்மா" என்றாள். கோபம் இல்லாமல் சொன்னாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வீட்டு வாசலுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டாள். உள்ளே ஓடுகிற தறிச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. இழையை நெருக்கிப் பலகை அடிக்கிறது, நூலோடு நாடா ஓடுகிறது, ஆனால் நடுவில் கட்டையும் கயிறும் முனகுகிற அந்தப் பழைய சத்தத்தைக் காணோம். அதற்குப் பதில் ஒரு சின்ன ரீங்காரம்.

"கேட்டியா? கேட்டியா?" என்று தறிக் குழியிலிருந்தபடியே அப்பா கத்தினார். "வா வா, வந்து பாரு. பெட்டி தானா எழும்புது!"

பூவேலைக்கு இழைகளைப் பிரித்துக் கொடுக்கிற ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே இருக்கும், அதைக் காலால் மிதித்துத்தான் தூக்க வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் ஒரு மிதி. வாழ்நாள் முழுக்க மிதித்ததில் பஞ்சாட்சரத்தின் வலது முட்டி தேய்ந்து போயிருந்தது. இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் கிரைண்டர் அளவுக்கு ஒரு மோட்டார். காலை லேசாக ஒரு பொத்தானில் வைத்தால் பெட்டி மேலே போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா கொடுக்கிற அம்மா இந்திராணி சிரித்தாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தைக் கீர்த்தி பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"நாடா கையில, பலகை கையில. காலுக்கு மட்டும் லீவு" என்றார் அப்பா. "கோதண்டபாணி ஐயாதான் ஆள் அனுப்பி மாட்டி வுட்டார். 'உங்க பொண்ணு ஊருக்கே பெருமை, உங்க காலு நோகலாமா'ன்னு அவரே சொன்னாராம், பாத்துக்கோயேன்!"

கீர்த்தி மோட்டாரையே பார்த்தாள். "எப்பப்பா மாட்டினாங்க?"

"போன வாரம்தான். ஏன்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. கோதண்டபாணிதான். "வந்துட்டியாம்மா? நாளைக்கு ஷட்டவுன். அதிகாரி ஒருத்தர் வர்றார், உன் முறைப்படிதான் செக் பண்ணப்போறார். உங்க தெருவுலதான் ஆரம்பம். நீ பக்கத்துல நின்னா அவருக்குத் தைரியமா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "கரண்ட் போனா நின்னா மெஷின். நிக்கலன்னா கைத்தறி. அப்படித்தானேம்மா?" என்றார்.

"ஆமா சார்" என்று அவள் வாய் சொன்னது.

ஃபோனை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அப்போ நாளைக்கு தறியில உக்காரவே வேணாம்" என்றாள் இந்திராணி.

"உக்காரலன்னா சத்தம் வராதும்மா. சத்தம் வரலன்னா மெஷின்னு எழுதிக்குவாங்க."

"எவன் அப்படி எழுதி வெச்சவன்?"

"நான்தாம்மா."

இந்திராணி கையிலிருந்த நாடாவைத் தறி மேல் வைத்தாள்.

"உண்மையச் சொல்லிட்டா இன்னா?" என்றார் அப்பா. "பெட்டிக்கு மட்டும்தான் மோட்டாரு. நெய்யிறது எங்கையிதானே? கண்ணு இருக்கிறவன் வந்து பாக்கட்டும்."

ஒரு பாகம் அசைந்தாலும் விசைத்தறியே. கோடு போட்டு அருமை என்று வாங்கின வரி கீர்த்தியின் மண்டைக்குள் ஓடியது. அதே நேரம் வடிவு அக்காவின் முகமும் வந்தது. வடிவு அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்ததே. பெட்டியை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அம்மாதானே ஃபோனில் சொன்னாள்? அந்த வீட்டிலும் மெஷின் இருந்திருக்காது. இதே மாதிரி ஒரு மோட்டார்தான் இருந்திருக்கும். அடப்பாவி, உள்ளே போய்ப் பார்க்காமல் எழுதித் தொலைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சொன்னா எடுத்துக்க மாட்டாங்கப்பா" என்றாள்.

பஞ்சாட்சரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சங்கத்துல பேரை எடுத்துட்டா நெய்யறதுக்குப் பாவு நூலு குடுக்க மாட்டான். பாவு இல்லாம வெறுந்தறிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எனக்கு வேற இன்னா தெரியும்?" யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு அவரே எழுந்து, சுருட்டி மூலையில் போட்டிருந்த பழைய மிதிக்கயிற்றை எடுத்தார். "ஒரு மணி நேரம்தானே. மிதிச்சிடறேன் வுடு." மோட்டாரின் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினார்கள்.

மறுநாள் காலை கார் வந்து தெரு முனையில் நின்றது. அதிகாரி வயதில் சின்னவர், வெயிலுக்கு முகம் சுருங்கியிருந்தது. வெளியூர்க்காரர், தறி எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்றுகூடத் தெரியாது. கோதண்டபாணி வெள்ளை வேட்டியில், கையில் அந்தக் கட்டுரையோடு இறங்கினார். கீர்த்தியை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள்.

கரண்ட் போனது. எதிர் வீட்டு டி.வி. பாதி வசனத்தில் செத்தது. முனைக் கடையின் மாவு மெஷின் இழுத்து இழுத்து நின்றது. ஃபேன்கள் அடங்கியதும் தறிச் சத்தம் மட்டும் தெருவில் தனியாகக் கேட்டது. இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. அதில் தன் வீட்டுச் சத்தத்தை அவள் காது தானாகப் பிடித்துக்கொண்டது. ஓடுகிறது. கட்டையும் கயிறும் முனகுகிற பழைய சத்தம், அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா கொஞ்ச நேரம்தான். போகப் போகச் சத்தத்துக்கு இடையில் இடைவெளி விழுந்தது. ஒரு அடி. நிற்கிறது. அம்மா என்னவோ மெதுவாகச் சொல்கிறாள். இன்னொரு அடி. ஒவ்வொரு அடிக்கும் அந்த முட்டி எப்படி மடங்கும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே ஓடிப்போய்த் தன் கையாலேயே மிதியை அழுத்திவிடலாம் போல இருந்தது. கால் நகரவில்லை. சாட்சி நிற்க வந்தவள் எப்படி உள்ளே போவது?

"அந்த வீடு ரொம்ப மெதுவா இருக்கே" என்றார் அதிகாரி.

"அது நம்ம கீர்த்தி வீடுதாங்க" என்றார் கோதண்டபாணி. "அவங்க அப்பாவுக்குக் கால் வலி. மெதுவா ஓடினா என்ன, ஓடுது இல்ல? ஒரு மணி நேரம்னு எழுதியிருக்கா. இருந்து முழுசா கேட்டுடலாம்." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிழலில் போய் நின்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, கோயிலில் விபூதி வாங்குகிறபோது இருக்குமே, அந்த மாதிரி அடக்கமான சிரிப்பு.

ஒரு மணி நேரம் அப்படியே போனது. சத்தம் நிற்கவில்லை. அதிகாரி என்னவோ குறித்துக்கொண்டு காரில் ஏறினார். கீர்த்தியும் ஏற வேண்டியதாயிற்று.

கார் ஊருக்கு வெளியே முசரவாக்கத்துக்குப் போனது. வயலை ஒட்டி ஒரு பெரிய கொட்டகை, கம்பிக் கதவு, காவலுக்கு ஆள். கோதண்டபாணியுடையதுதான். தை மாதம் கீர்த்தி வந்து நின்றபோது இந்தக் கொட்டகை நிற்காமல் ஓடியது, கைத்தறி என்று அவளே எழுதிக்கொண்டு போனாள். அன்றைக்கு வயலில் நெல் அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, மற்ற சத்தம் எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. இன்றைக்கு வயல் சும்மா கிடந்தது.

கரண்ட் இல்லாத ஊரில் அந்தக் கொட்டகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு விடாத சத்தம். நாடாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிற அவகாசம்கூட இல்லாத சத்தம். மனுஷக் கை அப்படி நெய்யாது. கொட்டகைக்குப் பின்னால் பூட்டின அறை ஒன்றிலிருந்து தடதடவென்று அதிர்வு வந்தது, காற்றில் டீசல் வாடை. ஜெனரேட்டர். சின்னக் கொட்டகைக்காரனால் வாங்க முடியாது, இவரால் முடியும். இவ்வளவுதான் விஷயம். காலை வகுப்பில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பொருளாதாரம் படித்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? அவளுடைய சோதனையில் மாட்டியவர்கள் எல்லாம் ஜெனரேட்டர் இல்லாதவர்கள். அவ்வளவு பேரையும் ஒழித்துக் கொடுத்திருக்கிறாள் இந்த மனிதருக்கு.

அதிகாரிக்கும் என்னவோ உறுத்தியது. "உள்ள போய் ஒரு தடவை பாத்துடலாமா?"

கோதண்டபாணி கட்டுரையைப் புரட்டினார். "தாராளமா பாக்கலாம் சார், நமக்கென்ன. ஆனா உள்ள போகக் கூடாதுன்னு முறையில இருக்குதே. இங்க உள்ள போனா, காலையில பாத்த தெருவுலயும் வீடு வீடா உள்ள போகணும். அதான் நியாயம். இன்னாம்மா சொல்ற?"

கீர்த்தி அவரைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்பாவுக்குப் புது மோட்டார் சவுகரியமா இருக்குதாம்மா?" என்றார்.

அந்த மனிதர் அப்பாவின் காலுக்காக மோட்டார் மாட்டவில்லை. இந்த நிமிஷத்துக்காக மாட்டியிருக்கிறார். எல்லாம் தெரிந்தே, பொறுமையாக, இவள் லீவுக்கு வருகிற வரை காத்திருந்து.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "நெசவாளர் வீட்டுப் பொண்ணு. இது கைத்தறிச் சத்தம்தானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இங்கே கதவு திறக்கும். அடுத்த கதவு பெரிய காஞ்சிபுரத்தில், புடவை போட்டு மூடின மோட்டாருக்கு முன்னால் திறக்கும்.

"கைத்தறிதான் சார்" என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் கோதண்டபாணி பேசிக்கொண்டே வந்தார். இனி மாதா மாதம் ஷட்டவுன் அன்று இதே முறையில் சோதனை நடக்குமாம். அதிகாரி அப்படித்தான் எழுதப்போகிறாராம். "அஞ்சாம் வருஷத்த முடிச்சிட்டு நம்மகிட்டயே வந்துடும்மா. உனக்கு எதுக்கு வெளிய அலைச்சல்?" என்றார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அப்பா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். முட்டி வீங்கிப் பளபளத்தது. அம்மா எண்ணெய் காய்ச்சிப் போட்டுக்கொண்டிருந்தாள். "தாண்டிட்டோமா?" என்று கேட்டார். தலையாட்டினாள். "பாத்தியா, எம்பொண்ணு பக்கத்துல நின்னா எவன் இன்னா பண்ணுவான்!" என்று அந்த வலியிலும் சிரித்தார். மாதா மாதம் என்பதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் வாசலில் நிழல் விழுந்தது. வடிவு அக்கா. உள்ளே வந்து தறியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் குடிக்காமல் பக்கத்தில் வைத்தாள்.

"நேத்து உன்னப் பாத்ததுலேர்ந்து மனசு கேக்கலமா. அதான் வந்தேன்" என்றாள். "எம்மேல தப்பு இல்ல கீர்த்தி. வயித்த அறுத்துட்டாங்க, மிதிக்க முடியல. பெட்டிக்கு மட்டும் ஒரு மோட்டார் போட்டேன். அவ்ளோதான். மெஷின் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கிறான். நீ எழுதினதுதானே எல்லாம்? நீயே ஒரு வார்த்தை, இது மெஷின் இல்லன்னு சொல்லிடு. சீலை எடுத்துடுவாங்க."

அது சரி என்று கீர்த்திக்குத் தெரியும். அதை வாதாடி ஜெயிக்கிற வழிகூடத் தெரியும். நாலு வருஷம் அதைத்தான் படித்தாள். ஆனால் பெட்டிக்கு மோட்டார் போட்டாலும் கரண்ட் போனால் தறி நிற்கும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவளுடைய சோதனையே செத்தது. அப்புறம் வீடு வீடாக உள்ளே வருவார்கள். ஒரு பாகம் அசைந்தாலும் விசைத்தறி என்று அவள் எழுதின வரி இன்னும் உயிரோடு இருக்கிறது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுக்கா" என்றாள். "சட்டத்துல இடம் இல்ல."

அப்போதுதான் கரண்ட் வந்தது. எதிர் வீட்டு டி.வி. கத்தியது. மேலே ஃபேன் சுற்றியது. தறியின் மேலே பழைய புடவைக்குள்ளிருந்து ரீங்காரம் எழுந்தது. காலையில் கரண்ட் போனதும் அது தானாக அடங்கிவிட்டதால் சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. புடவை லேசாக நடுங்கியது.

இந்திராணி எழுந்து ஓடி சுவிட்சை அணைத்தாள். ஆனால் நெசவாளர் வீட்டுக் காது அல்லவா, அதற்கு அதிக நேரமா வேண்டும்? வடிவு தலையைத் தூக்கிப் புடவையைப் பார்த்தாள், பஞ்சாட்சரத்தின் முட்டியைப் பார்த்தாள், கடைசியாகக் கீர்த்தியைப் பார்த்தாள். கீர்த்திக்கு அழுகை வந்தது. அக்கா என்று கூப்பிட்டாள்.

வடிவு எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அடுத்த மாசமும் வருவாங்களாமே, தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்குது" என்றாள். "எனக்குந்தான் இப்ப வேலை இல்லையே. அன்னிக்கு நானும் வந்து உம்பக்கத்துல நின்னு கேக்கறேம்மா."